கதிரையோடு வெளியே வா

2024 தை மாதம், பகல் பன்னிரண்டு மணி. கம்பளித் தொப்பியும் இரண்டு சோடி மேசும் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறேன். லண்டனில் 38 வருடம் இருந்தவன் நான். வெளியே பனி கொட்டும்போதும் வீட்டுக்குள் பெனியனோடு திரிந்தவன். தெற்கு, கடற்கரை, வெயில் என்றெல்லாம் ஆசை காட்டி மனுசியைக் கூட்டிவந்தது இப்படி நடுங்கத்தான்.

யன்னலில் யாரோ தட்டினார்கள். எதிர்வீட்டு அம்மா. எண்பது தாண்டியவர், கறுப்புச் சட்டை, கையில் பாதி உரித்த தோடம்பழம். "கதேரா! கதேரா!" என்றார். நான் எழும்பி, சாப்பாட்டு மேசையடியில் கிடந்த கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் அவருக்குப் பக்கத்தில் போட்டு இருந்தேன். தெருவில் நல்ல வெயில். முதுகு காய்ந்து, விரல்கள் மடங்கத் தொடங்கிய பிறகுதான் மண்டையில் உறைத்தது. இந்தச் சொல்லை எனக்கு யார் சொல்லித் தந்தது? ஆறு மாதமாகக் கைத்தொலைபேசியில் போர்த்துக்கேய மொழி படிக்கிறேன். அப்பிள் சாப்பிடும் பெடியனைத் தாண்டி அது இன்னும் என்னை விடவில்லை. கதிரை அதில் வரவே இல்லை.

நாங்கள் இருப்பது ஒல்யாவ், போர்த்துக்கலின் தென்கரையில் ஒரு மீன்பிடி ஊர். இங்கத்தைய பழைய வீடுகள் கோடைக்காகக் கட்டியவை. தடித்த வெள்ளைச் சுவர், ஓடு பதித்த நிலம், தட்டை மொட்டைமாடி. ஆடி மாதம் உள்ளே போனால் கிணற்றடி மாதிரிக் குளிர்ச்சியாக இருக்கும். மார்கழியிலும் அதே கிணறுதான். சுவரில் ஹீட்டர் கிடையாது. அலுமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் படரும். ஈரம் உறிஞ்சும் மெசின் ஒன்று வாங்கி வைத்தோம், நாளுக்கு அரை வாளி தண்ணீர் கக்கும். ஊர்ச் சனங்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. குளிர்ந்தால் கதிரையைத் தூக்கித் தெருவில் போடுகிறார்கள்.

"ஊருக்கே போயிருக்கலாமே?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. போயிருக்கலாம்தான். பிரித்தானிய அரச ஓய்வூதியம் வருடாவருடம் கூடும், ஆனால் இலங்கையில் போய்க் குடியிருந்தால் கூடாது, ஒரே தொகையில் உறைந்து நிற்கும். போர்த்துக்கலில் இருந்தால் கூடிக்கொண்டே வரும். ஆக, ஊருக்குப் போனால் காசு உறையும், இங்கே வந்து ஆள் உறைகிறேன். பிள்ளைகள் இருக்கும் லண்டனுக்கும் இங்கிருந்து மூன்று மணி நேரப் பறப்புத்தான். விசாவுக்கு, நாங்கள் வந்த 2023 இல், ஒருவருக்கு மாதம் 760 யூரோ நிரந்தர வருமானம் காட்டவேண்டும், மனைவிக்கு அதில் பாதி. காட்டினோம். மற்றக் கடுதாசி வேலைகளைப் பற்றி எழுதினால் இரத்த அழுத்தம் ஏறும், விடுகிறேன்.

கதிரைக்குப் பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1658 வரை இருந்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருக்கிறோம். நாற்பது வருடம்கூட இல்லை. ஆனால் அதற்குள் எங்கள் வீட்டைத் தங்கள் சொற்களால் எப்படி நிரப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள்! எதிர்வீட்டு அம்மாவின் சமையலறை குசினி. அடுப்பில் இருப்பது தாச்சி. மூக்குத் துடைப்பது லேஞ்சி. காலில் சப்பாத்து, சட்டையில் பொத்தான், கடலைப் பார்த்தபடி கிழவர்கள் இருந்து கதைப்பது வாங்கில். ஒருநாள் தெருவில் குழாய் திருத்த வந்தவன் கூட்டாளியைப் பார்த்து "அலவாங்கா" என்று கத்த, நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் அலவாங்கு. அதே இரும்பு. அப்பா தென்னம்பிள்ளை வைக்கக் கிடங்கு கிண்டிய அதே இரும்பு.

மனுசி என்னைவிடக் கெட்டிக்காரி. "இஞ்சாருங்கோ, உந்த மனுசிக்கு நீங்கள் எப்ப தமிழ் படிப்பிச்சனியள்?" என்று கேட்டுச் சிரித்தவள், அடுத்த கிழமையே மொழி வகுப்பை நிறுத்திவிட்டாள். தமிழே போதுமாம். சந்தைக்குப் போய் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பாள். அன்னாசி பலித்தது. அகப்பை பலிக்கவில்லை. ஒல்யாவ் சந்தை கடலோரம் இரண்டு செங்கல் கட்டடம், மூலைக்கு மூலை உருண்டைக் கோபுரம். ஒன்று முழுக்க மீன். கணவாய், நண்டு, சூடை மாதிரி மினுங்கும் சார்டின், முன்னால் உள்ள களப்பில் கிண்டி எடுத்த மட்டி. அங்கே நின்றால் அவளுக்குப் பேச்சே தேவையில்லை, செவுளைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுழித்தால் விலை இறங்கும். லண்டனிலிருந்து ஒடியல் மா வந்தால் அன்றைக்குக் கூழ்.

எல்லாச் சொல்லும் இப்படிக் கைகொடுக்கவில்லை. பாண் என்று நம்பிக்கையோடு பேக்கரியில் போய்க் கேட்டேன். மூக்கால் சொல்லவேண்டிய சொல், என் மூக்கு ஒத்துழைக்கவில்லை. மூக்கில்லாமல் சொன்னால் அது தடி. ஒரு தடி தாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். அதற்கு வேறு அர்த்தமும் இருக்கிறதாம், அந்தப் பெட்டை ஏன் அப்படிச் சிரித்தாள் என்று பிறகுதான் விளங்கியது.

அப்புறம் அந்தச் சாவு. காற்றில் கதவு அடித்துச் சாத்திவிட்டது, நான் சாரத்தோடு தெருவில். மனுசி சந்தையில். எதிர்வீட்டு அம்மா ஓடிவந்து என் மூஞ்சிக்கு நேரே "சாவ்! சாவ்!" என்று கத்தினார். நல்ல வெயில் காய்ந்துகொண்டிருந்த மனுசனைப் பார்த்து இது என்ன வாழ்த்து? கையைத் திருகிக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. சாவி. தமிழ்நாட்டார் சொல்லும் சாவி. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அது திறப்பு. கதிரை, பாண், தூக்குப்போடுகிறவனுக்கு அலுகோசு என்ற பெயர்வரை வாங்கிக்கொண்ட எங்கள் ஆட்கள், திறப்பை மட்டும் ஏனோ கொடுக்கவில்லை.

அலுகோசை நினைத்தால் தோடம்பழம் புளிக்கிறது. இதே மொழி பேசியவர்கள்தான் 1621 இல் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள், யாழ்ப்பாணத்தின் கடைசி அரசன் சங்கிலியனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். இதை எதிர்வீட்டு அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சின்ன வயதிலேயே சார்டின் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலையில் மீன் தலை கிள்ளியவர் அவர். நான் சிலோன் என்றதும், "செய்லாவ்! கனேலா!" என்று உள்ளே ஓடி, பால்விட்டுக் காய்ச்சிய சோற்றை ஒரு கோப்பையில் கொண்டுவந்தார். எங்கள் புக்கை மாதிரித்தான், மேலே அந்தக் கனேலாவால், அதாவது கறுவாத் தூளால் கோலம். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.

சரி, பழகிவிட்டது என்றுதான் போனில் எல்லோருக்கும் சொல்கிறேன். ஆனால் கதிரையை வெயிலில் போட்டுக் கண்ணை மூடினால் கோண்டாவில் வீட்டு விறாந்தை வந்துவிடுகிறது. அப்பாவின் சாய்மனைக் கதிரை, அதன் பிரம்பில் அவர் தலை பட்டுக் கறுத்த இடம். 95 ஐப்பசியில் இடம்பெயர்ந்தபோது அம்மா வீட்டைப் பூட்டித் திறப்புக் கோர்வையை இடுப்பில் செருகிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தா. மறுவருடம் திரும்பிப் போனால் பூட்டும் இல்லை, பூட்டிய கதவும் இல்லை. யன்னல்களையும் கழற்றிவிட்டார்கள். கதிரையைப் பற்றி அம்மா கடிதத்தில் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தக் கோடைக்கு மகள் பேத்தியோடு வந்தாள். ஆறு வயது, தமிழ் நாலு சொல். நாள் முழுக்க எதிர்வீட்டில்தான் கிடை. மூன்றாம் நாள் வந்து என் கையைப் பிடித்து இழுத்து, "அம்மப்பா, கதேரா!" என்றாள். கொண்டுபோனேன்.

"அது கதிரை, பிள்ளை. தமிழ்" என்றேன்.

பாவம் இந்தக் கிழவன் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். அன்றிரவு லண்டனில் நிற்கும் தகப்பனோடு போனில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்: அம்மப்பாவுக்குப் போர்த்துக்கேயம் கொஞ்சம் தெரியும், ஆனால் சரியாகச் சொல்ல வராது, நான் போவதற்குள் பழக்கிவிடுகிறேன்.