கமுகுத் தடி கேலரியும் கணினியும்

நேற்று களியக்காவிளைப் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஃபைனல். கமுகுத் தடியைக் கயிற்றால் கட்டிய கேலரி. ஆள் ஏற ஏற முனகும். கமிட்டி அண்ணன் குனிந்து அடிக்கட்டையைப் பார்த்துவிட்டு, "போதும் மக்கா, இனி ஏறண்டாம்" என்பார். பாரத்தை உணரும் எங்கள் சென்சார் கருவி அவர்தான்.

2022 உலகக்கோப்பையில் கத்தாரின் 8 அரங்குகளையும் ஒரே அறையிலிருந்து கவனித்தார்கள். இப்போது அரங்கத்தின் நகலையே கணினிக்குள் கட்டி (டிஜிட்டல் ட்வின் என்று பெயர்) எந்த வாசலில் நெரிசல் வரும் என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கிறார்கள். கேமராவே தலை எண்ணுகிறது. திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஐடி வளாகத்தில் வேலை பார்க்கும் மச்சினன் சொல்லச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. புது ஸ்டேடியம் கட்டுகிறவர்கள் கல் போடும் முன்பே இதைச் செய்யட்டும், கழிப்பறை வரிசையையும் சேர்த்து.

அப்புறம், நம்ம சென்சார் அண்ணன் இரண்டாம் பாதியில் தானே கேலரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.