வீடு வரைகிற வேலை

பி.ஆர்க் படிப்பு 5 வருஷம், அப்புறம் ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அது இல்லாமல் ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்ட முடியாது. சரி, மாட்டியாச்சு. (அதற்கு முன் ஒரு ஆபீஸில் பாத்ரூம் டைல்ஸ் டிராயிங்கே வரைந்து தேய்ந்த கதை தனி.)

தனியாக வந்தால் முதல் கிளையன்ட் பெரும்பாலும் சொந்தக்காரர்தான். எனக்குப் பொள்ளாச்சிப் பக்கம் பெரியப்பாவின் தோட்டத்து வீடு. "பிளானை மேஸ்திரியே போட்டுருவாரு, உனக்கு எதுக்கு கண்ணு பீஸு?" என்றார்.

மேற்கே பெரிய ஜன்னல் வைத்தால் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சாரலும் நேராக வீட்டுக்குள்தான். அதனால் ஆசாரத்துக்கு (கூடத்துக்கு) வெளிச்சத்தை நடுத்தொட்டியிலிருந்து, அதாவது வீட்டு நடுவே இருக்கும் திறந்த முற்றத்திலிருந்து எடுத்தேன். பெரியம்மாவின் கவலையே வேறு: மொட்டைமாடியில் கொப்பரை காயணும், மூட்டையோடு ஏறணும். மாடிப்படியை நாலடி அகலமாக்கினோம்.

பீஸ்? இளநீர் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.