பப்பில் நாடகம் போட்ட கதை: 21 பவுண்டு தண்டம், ஒரு ஐஸ் மெஷின்

போன வாரம்தான் நாலு காட்சியும் முடிந்தன, தொண்டை இன்னும் சரியாகவில்லை. தென் லண்டனில் எங்கள் தெருமுனை பப்பில் நாடகம் போட்டோம். அங்கே எலிஃபன்ட் அண்ட் காஸில் என்ற பகுதியில் 1965-இல் திறந்த ஷாப்பிங் சென்டரை 2020 செப்டம்பரில் மூடினார்களே, அதில் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தின் கதை. குடும்பம்தான் கற்பனை. தியேட்டர் எடுக்கக் காசில்லை, அதோடு இந்தக் கதையைப் பார்க்க வேண்டியவர்கள் தியேட்டர் பக்கம் வருகிறவர்களும் இல்லை.

ஒத்திகையெல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சொதப்பியது காகித வேலை.

அனுமதி பற்றிக் கேட்க உள்ளாட்சி கவுன்சிலின் லைசென்ஸ் பிரிவுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் நான் சொல்லி முடிப்பதற்குள், "டெம்பரரி ஈவென்ட் நோட்டீஸ் போடுங்க, 21 பவுண்டு" என்று வைத்துவிட்டார். தற்காலிகமாக ஒரு நிகழ்ச்சி நடத்தப்போகிறோம் என்ற அந்த அறிவிப்பைப் பத்து வேலை நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும், கொடுக்கிற நாளும் நிகழ்ச்சி நாளும் கணக்கில் சேராது. நடுவில் ஒரு பேங்க் ஹாலிடே (பொது விடுமுறை) வந்ததை நான் கவனிக்கவில்லை, அதனால் அது 'லேட்' நோட்டீஸ் ஆகிவிட்டது. லேட் என்றால் போலீஸோ சுகாதாரப் பிரிவோ ஆட்சேபித்தால் அவ்வளவுதான், விசாரணை கிடையாது. ஒரு வாரம் தூக்கமில்லை. அப்புறம் பப் நாடகங்கள் போட்டுப் பழகிய நண்பர் ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். காலை 8 முதல் இரவு 11 வரை, 500 பேருக்கு மிகாத கூட்டம் என்றால் நாடகத்துக்கு லைசென்ஸே வேண்டாமாம், 2013-லிருந்தே. எங்களுக்கு நாற்காலி போட்டதே நாற்பது! திரும்பப் போன் செய்தால் வேறொருவர், "ஆமாம், தேவையில்லையே" என்கிறார். பணம்? திரும்பி வராது.

அடுத்த இடி பப்பிலிருந்தே வந்தது. நடத்துகிற அம்மா முதல் நாளே சரி என்றுவிட்டார், ஆனால் கட்டடம் அவருடையதில்லை, ஒரு கம்பெனிக்குச் சொந்தம், அவரும் வாடகைக்குத்தான் இருக்கிறார். (நாடகமே இப்படி அடுத்தவர் கட்டடத்தில் இருப்பதைப் பற்றித்தான்!) மூன்று நாள் இருக்கும்போது கம்பெனி 50 லட்சம் பவுண்டுக்கு இன்சூரன்ஸ் சான்றிதழ் கேட்டது. அது ஆன்லைனில் அரை மணி நேரத்தில் கிடைத்தது. இரவல் வாங்கிய விளக்குகளுக்குத்தான் மின்சோதனை ஸ்டிக்கர் இல்லை, உள்ளே விடவில்லை. கடைசியில் டார்ட்ஸ் பலகைக்கு மேலே இருந்த விளக்கைத் திருப்பி வைத்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், அம்மா வேஷம் போட்டவர் அதன் கீழே வந்து நின்றபோது எந்த ஸ்பாட்லைட்டும் அப்படி விழுந்திருக்காது.

நீங்கள் செய்வதாக இருந்தால் ஒன்று: காட்சி நேரத்தில் ஒரு நாள் பப்பில் சும்மா உட்கார்ந்து சத்தங்களை எழுதிக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜ், கிளாஸ் கழுவும் மெஷின், சூதாட்ட மெஷின், எல்லாம். நாங்கள் ஐஸ் மெஷினை விட்டுவிட்டோம். முதல் நாள் அம்மா வேஷக்காரர் கடைச் சாவியை நீட்டுகிறார், அறையே மூச்சுவிடவில்லை, கவுன்டருக்குப் பின்னால் கடகடவென்று ஐஸ் கொட்டியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாளிலிருந்து மெஷினை நிறுத்திவிட்டு சூப்பர்மார்க்கெட்டில் ஐஸ் மூட்டை வாங்கினோம், என் செலவில்.

ஃபுட்பால் அட்டவணையையும் பாருங்கள். இரண்டாம் நாள் மேட்ச். டிவி சத்தத்தை மட்டும் குறைக்கிறோம், படம் ஓடும் என்று வாடிக்கைக்காரர்களோடு ஒப்பந்தம். அன்று நாடகத்தில் ஷாப்பிங் சென்டர் கம்பெனி ஆளாக நடித்தவர், "உங்களுக்கெல்லாம் மாற்று இடம் தருவோம்" என்று சொன்னதும் கவுன்டரிலிருந்து ஒரு பெரியவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "எங்கே?" என்றார். நடிகருக்கு வசனம் மறந்தே போனது. அந்த மௌனம் நான் எழுதிய எதையும்விட நன்றாக இருந்தது.

மூன்றாம் நாளும் நாலாம் நாளும் அவர் அதே ஸ்டூலில், அதே இடத்தில், "எங்கே?" ஒரு காட்சிக்கு ஒரு பைன்ட் பீர் என்று கணக்கு வைத்து எங்களிடம் வாங்கிக்கொண்டார்.