உட்சுற்றில் கிளவுஸ் மைனே: ஸ்கார்பியன்ஸ் எல்பி-களை டிஜிட்டலாக்கும் வேலை எந்த மட்டில் இருக்கிறது

ஜெர்மன் ராக் குழுவான ஸ்கார்பியன்ஸின் எல்பி-களை (வினைல் இசைத்தட்டுகளை) கணினிக் கோப்பாக மாற்றும் வேலையில், ‘ஸ்டில் லவிங் யூ’ ஒருவழியாகச் சுத்தமாகப் பதிவாகிவிட்டது. 1984-ல் வந்த ‘லவ் அட் ஃபர்ஸ்ட் ஸ்டிங்’ தட்டில் பி பக்கத்தின் கடைசிப் பாட்டு அது. கடைசி நிமிடம் வரை ஒரு ‘ஸ்’ கூடக் கரகரக்கவில்லை. இதில் கைவைத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

குழுவின் பாடகர் கிளவுஸ் மைனேவின் மெதுவான பாட்டுகளில் பாதி, எல்பி-யில் இருப்பதிலேயே மோசமான இடத்தில், அதாவது லேபிளை ஒட்டிய உட்சுற்றில், உட்கார்ந்திருக்கின்றன. 1979 ‘லவ்டிரைவ்’ முடிவது ‘ஹாலிடே’யில். 1982 ‘பிளாக்அவுட்’ முடிவது ‘வென் த ஸ்மோக் இஸ் கோயிங் டவுன்’. 1988 ‘சாவேஜ் அமியூஸ்மென்ட்’டில் ‘பிலீவ் இன் லவ்’, 1990 ‘கிரேஸி வேர்ல்ட்’டில் ‘சென்ட் மீ அன் ஏஞ்சல்’. உட்சுற்றில் சத்தமான பாட்டு தாங்காது என்பதால் மெதுவானதைக் கடைசியில் போடுவது வழக்கம்தான். ஆனால் ‘ஸ்டில் லவிங் யூ’ மெதுவாகத் தொடங்கி, குரல் உச்சத்துக்கு ஏறி முடிகிற பாட்டு. உச்சம் வரும்போது ஊசி லேபிளை நெருங்கிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். தட்டின் வெளி ஓரத்தில், சுமார் 146 மி.மீ. ஆரத்தில், பள்ளம் ஊசிக்கு அடியில் நொடிக்கு 51 செ.மீ. ஓடுகிறது. 60 மி.மீ. ஆரத்தில் வெறும் 21 செ.மீ. பாடகரின் ‘ஸ்’ ஒலி 8 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால், வெளியே 64 மைக்ரான் நீளமாக இருந்த அலை உள்ளே 26 மைக்ரானாகச் சுருங்கிவிடும். கூம்பு ஊசியின் முனை ஆரமே 15 முதல் 18 மைக்ரான். அது அந்த வளைவுக்குள் இறங்க முடியாமல் மேலேயே மோதிப் போகும். கரகரப்பு அங்கிருந்துதான் வருகிறது.

அதனால் முதலில் மாற்ற வேண்டியது ஊசி. ஆடியோ டெக்னிகாவின் விஎம்95 கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்சைகையாக்கும் பகுதி) வரிசை இதற்கு வசதி: பச்சை நிற நீள்வட்ட ஊசியைக் கழற்றிவிட்டு, அதே உடம்பில் சிவப்பு மைக்ரோலீனியர் ஊசியைச் செருகலாம். விலை வலிக்கும். ஆனால் தட்டை டிஜிட்டலாக்குகிறவர் காசு போட வேண்டிய இடம் இதுதான், ஃபோனோ ப்ரீஆம்ப் (கார்ட்ரிட்ஜின் சைகையைப் பெருக்கும் கருவி) அல்ல.

ஊசி மாறினால் மட்டும் போதாது. அதிக நேரம் தின்றது கோணம். டோன்ஆர்ம் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) ஒரு முனையில் சுழல்வதால், தட்டின் எல்லா இடத்திலும் ஊசி பள்ளத்துக்கு நேராக நிற்காது. கார்ட்ரிட்ஜை நேர்ப்படுத்தப் பலரும் பேர்வால்ட் அளவைத்தான் எடுக்கிறார்கள். அதில் கோணப் பிழை பூஜ்யமாகும் இடங்கள் மையத்திலிருந்து 66 மற்றும் 120.9 மி.மீ. ஸ்டீவன்சன் அளவில் அவை 60.3 மற்றும் 117.4 மி.மீ. எது வேண்டும் என்பதை முடிவு செய்வது உங்கள் கையில் இருக்கும் பிரதி. மையத்திலிருந்து கடைசிப் பாட்டு முடியும் இடம் வரை அளவுகோலை வைத்துப் பாருங்கள். 65-க்கு வெளியேயே முடிந்தால் பேர்வால்ட்டை விட வேண்டாம். 62 வரை உள்ளே வந்தால் ஸ்டீவன்சன். ஸ்டீவன்சனில் நடுப்பகுதியில் பிழை கொஞ்சம் கூடும், ஆனால் அங்கே அலை நீளமாக இருப்பதால் காதில் படாது. வழக்கமான ஒன்பது அங்குல டோன்ஆர்மில் இரண்டு அளவுக்கும் ஊசி நகர வேண்டிய தூரம் 2 மி.மீ.க்கும் குறைவு. திருகை இறுக்கும்போதே அவ்வளவு நகர்ந்துவிடும். இரண்டு திருகையும் மாற்றி மாற்றிக் கால் திருப்பு வீதம் இறுக்கி, ஒவ்வொரு தடவையும் நேர்ப்படுத்தும் அட்டையின் கட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியது கார்ட்ரிட்ஜின் விளிம்பை அல்ல, ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டை. பல கார்ட்ரிட்ஜ்களில் இரண்டும் ஒரே கோட்டில் இருப்பதில்லை.

ஊசி தட்டை அழுத்தும் எடை 2.0 கிராம். மலிவான டிஜிட்டல் தராசுக்குள் இரும்பு இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் அதை நோக்கி இழுபட்டு, தராசு கூடுதலாகக் காட்டலாம். அதை நம்பி எடையைக் குறைத்தால் கரகரப்பு திரும்ப வந்து நிற்கும். வலது சேனலில் மட்டும் கரகரத்தால் ஆன்டிஸ்கேட் (ஊசி உள்நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் விசை) போதவில்லை: ஊசி உள்சுவரில் சாய்ந்து, வெளிச்சுவரை விட்டுவிடுகிறது.

சரியாகிவிட்டதா என்று காதை மட்டும் நம்பாதீர்கள். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில், உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் பதிவு செய்து, ஆடாசிட்டி மென்பொருளில் ஒரு சேனலைத் தலைகீழாக்கி மற்றதோடு கலக்குங்கள். பாடகரின் குரல் நடுவில் இருப்பதால் கிட்டத்தட்ட மறைந்துவிடும், எதிரொலி மட்டும் மிஞ்சும். ‘ஸ்’ வரும் இடத்தில் கிழிகிற மாதிரி ஏதாவது நின்றால் அது ஊசியின் தவறு, இல்லையென்றால் பள்ளத்தில் ஏற்கெனவே இருக்கும் காயம். டி-எஸ்ஸர் (‘ஸ்’ ஒலியை அடக்கும் வடிகட்டி) போட்டு இதை மறைக்கவே கூடாது. மைனேவின் மெய்யெழுத்துகள் மழுங்கிப்போகும். அந்தக் குரலின் கூர்மையே அங்கேதான் இருக்கிறது.

இவ்வளவு பிடிவாதத்துக்குக் காரணம் இருக்கிறது. 1981-ல் மைனேவுக்குக் குரல் போய், குரல்நாண் அறுவை சிகிச்சை நடந்தது. டெமோக்களை (மாதிரிப் பதிவுகளை) வேறொரு பாடகரான டான் டோக்கன் வந்து பாடினார். 1980 ‘அனிமல் மேக்னடிசம்’ ஏ பக்கக் கடைசிப் பாட்டான ‘லேடி ஸ்டார்லைட்’டையும், 1982 ‘பிளாக்அவுட்’ தட்டின் கடைசிப் பாட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டும் மெதுவானவை, இரண்டும் உட்சுற்றில், இரண்டுக்கும் தயாரிப்பாளர் டீட்டர் டீர்க்ஸ். இதைவிட நேர்மையான ஒப்பீடு கிடைக்காது. ஊசி சரியில்லாவிட்டால் பள்ளத்தின் கரகரப்பையே ‘சிகிச்சைக்குப் பிறகு குரல் மாறிவிட்டது’ என்று நம்பிவிடுவோம். சுத்தமான பதிவில் குரல் தேய்ந்ததாகத் தெரியவே இல்லை. மேல் ஸ்தாயி இன்னும் இறுக்கமாக, குறி தவறாமல் விழுகிறது.

பழைய ஜெர்மன் பிரதி வாங்குபவர்களுக்கு: விற்பவரிடம் கடைசிப் பாட்டுப் பகுதியைச் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே மட்டும் சாம்பல் பூத்திருந்தால் தேய்ந்த ஊசியில் ஓடிய தட்டு, வேண்டாம். லேபிளில் துளையைச் சுற்றிக் கோடுகள் நிறைய இருந்தாலும் (அடிக்கடி ஓடியதன் அடையாளம்) யோசியுங்கள். 2015-ல் குழுவின் ஐம்பதாம் ஆண்டுக்காக வந்த மறுபதிப்புகளில் தேய்மானக் கவலை இல்லை. ஆனால் கனத்த தட்டு என்பதால் மட்டும் உட்சுற்றுப் பிரச்சினை தீராது.

‘கிரேஸி வேர்ல்ட்’ இன்னும் பாதியில் நிற்கிறது. அங்கே தொந்தரவு வேறு: விசில். ‘விண்ட் ஆஃப் சேஞ்ச்’ தொடக்கத்தில் வரும் சீழ்க்கை ஏறக்குறைய தூய ஒற்றை ஸ்வரம். தட்டின் நடுத்துளை அரை மி.மீ. விலகியிருந்தாலே, 80 மி.மீ. ஆரத்தில் சுருதி இருபுறமும் சுமார் 11 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) ஆடும். 1.8 நொடிக்கு ஒரு ஆட்டம். கிட்டார் சத்தத்தில் மறைகிற இது விசிலில் அப்பட்டமாகத் தெரிகிறது. மென்பொருளால் நேராக்கினால் அவர் வேண்டுமென்றே கொடுத்த நெளிவும் சேர்ந்து போய்விடும். துளையை ரீமரால் (துளையை அகலமாக்கும் கருவி) ஒரு இழை பெரிதாக்கி, டோன்ஆர்ம் பக்கவாட்டில் ஆடும் மொத்த தூரத்தில் பாதியளவு தட்டைத் தள்ளி வைத்து ஓட்டுவதே வழி.

அது முடிவதற்குள் ‘டோக்கியோ டேப்ஸ்’ மேடை நிகழ்ச்சிப் பதிவின் இரட்டைத் தட்டும் மேஜைக்கு வந்துவிட்டது. 1978 ஏப்ரலில் டோக்கியோவின் நகானோ சன் பிளாசா அரங்கில் பதிவானது. கைதட்டல் நிறைய இருப்பதால் தானியங்கி கிளிக் நீக்கி இதில் ஆகாது, ஒவ்வொரு வெடிப்பையும் கையால்தான் எடுக்க வேண்டும். ஜப்பானியப் பாட்டான ‘கோஜோ நோ ட்சுகி’யை மைனே ஜப்பானிய மொழியிலேயே பாடும் இடத்திலிருந்து தொடங்கலாம் என்று திட்டம். அங்கே கூட்டம் அமைதியாக இருப்பதால் வெடிப்புகள் தனித்தனியாகத் தெரியும்.