வெளியுலகம் அறியாத நியூரான்கள்

எலி மூளையிலிருந்து எடுத்த நியூரான்களை, அதாவது நரம்புச் செல்களை, ஒரு சிறு தட்டில் (டிஷ்ஷில்) வளர்த்து, அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எழுப்பும் மின்துடிப்புகளைப் பதிவு செய்வது என் வேலை. பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பல வருடங்களாக இதைச் செய்து வருகிறேன். வேலையைப் பற்றிச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அப்போ அது யோசிக்குமா?" எதைப் பதிவு செய்கிறோம், எப்படிச் செய்கிறோம் என்று தெரிந்தால்தான் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியும்.

டிஷ்ஷின் அடியில் இருக்கும் கண்ணாடியில், மின்துடிப்பைப் பிடிக்கும் 60 நுண்ணிய எலக்ட்ரோடுகள் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் 30 மைக்ரோமீட்டர் அகலம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 200 மைக்ரோமீட்டர். நாங்கள் பயன்படுத்துவது இந்த வகை. இதில் பல மாதிரிகள் உண்டு. ஒரே சில்லில் 26,400 எலக்ட்ரோடுகள் கொண்டவைகூட வந்துவிட்டன. இந்த யோசனை பழையது. 1972-லேயே கோழிக்கருவின் இதயச் செல்களை இப்படி எலக்ட்ரோடுகள் மேல் வளர்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். 1980-இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரோம் பைன் எலியின் நரம்புக் கணு ஒன்றிலிருந்து எடுத்த நியூரான்களில் அதைச் செய்து காட்டினார். செல்லைக் குத்தாமல், கிழிக்காமல், வெளியே இருந்தபடியே கேட்கும் முறை என்பதால் ஒரே டிஷ்ஷை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பின்தொடரலாம். எனக்கு இந்த முறை பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான்.

கல்ச்சர் போடும் நாள், அதாவது செல்களை டிஷ்ஷில் விட்டு வளர்க்கத் தொடங்கும் நாள், எங்களுக்குக் கனமான நாள். கருவுற்ற எலியிலிருந்து 18 நாள் வளர்ந்த கருக்களை எடுத்து, அவற்றின் மூளையின் மேலடுக்கான புறணியைப் பிரித்து, நொதி போட்டுத் தனித்தனிச் செல்களாக்குவோம். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஓர் எலியையும் தொட முடியாது. அது சரியான விதி. அனுமதி இருந்தாலும் நடப்பது உயிர்ப்பலிதான், அதை வேறு எந்தச் சொல்லாலும் மறைக்க நான் விரும்பவில்லை. அன்று கிடைக்கும் செல்களில் ஒன்றுகூட வீணாகக் கூடாது என்று மாணவர்களிடம் கண்டிப்பாக இருப்பேன். ஒரு துளியில் ஐம்பதாயிரம் செல்கள் என்ற அளவில் எலக்ட்ரோடுகள் மேல் விட்டு, 37 டிகிரியில், 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடில் இன்குபேட்டர் பெட்டிக்குள் வைத்துவிடுவோம்.

அப்புறம் காத்திருப்பு. முதல் சில நாட்கள் திரையில் எதுவும் இருக்காது. சொல்லப்போனால் எதுவும் இல்லாமல் இல்லை, இரைச்சல் இருக்கும். நியூரான் ஒன்று துடிக்கும்போது அதன் சவ்வின் இருபுறமும் ஏற்படும் மாற்றம் ஏறக்குறைய 100 மில்லிவோல்ட். வெளியே எலக்ட்ரோடில் நமக்குக் கிடைப்பதோ சில பத்து மைக்ரோவோல்ட், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. அந்த அளவில் கேட்கும்போது உலகமே குறுக்கே பேசும். சுவரிலுள்ள மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம், குளிர்பெட்டியின் மோட்டார் ஓடத் தொடங்கும் நொடி, பக்கத்து மேசையில் யாரோ போனை எடுப்பது எல்லாம் பதிவாகும். கல்ச்சர் போட்டு பத்து நாள் காத்திருந்து, எலக்ட்ரோடின் தொடுமுனையில் படிந்த ஒரு சொட்டு ஈரத்தால் ஒரு வரிசை முழுவதும் பாழாவதும் உண்டு. பதிவுக்கு முன்னால் தொடுமுனைகளை ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் துடைப்பதை நான் இன்னும் யாரிடமும் விட்டதில்லை.

"அக்கா, இது ஸ்பைக்கா, நாய்ஸா?" என்று புதிதாகச் சேர்ந்த மாணவி கேட்பாள். ஸ்பைக் என்றால் நியூரானின் துடிப்பு, நாய்ஸ் என்றால் இரைச்சல். மென்பொருள் சொல்லும் விடை எளிது: இரைச்சலின் திட்டவிலக்கத்தைப்போல (அது வழக்கமாக ஏறி இறங்கும் அளவைப்போல) ஐந்து மடங்கைத் தாண்டினால் ஸ்பைக். ஆனால் நான் முதலில் எண்ணைப் பார்க்க விடுவதில்லை. "வடிவத்தைப் பாரும்மா" என்பேன். உண்மையான ஸ்பைக் ஒரு மில்லிசெகண்டுக்குள் கீழே இறங்கி, மேலே ஏறி, அடங்கிவிடும். எல்லா எலக்ட்ரோடிலும் ஒரே கணத்தில், ஒரே வடிவத்தில் ஒன்று தெரிந்தால் அது நியூரான் அல்ல, மின்சாரம். இன்னும் சந்தேகம் என்றால், அந்த டிஷ்ஷின் ஆயுள் முடிகிற கட்டத்தில் டெட்ரோடோடாக்சின் விடுவோம். நியூரான் துடிக்கத் தேவையான சோடியம் வாயில்களை அடைக்கும் நஞ்சு அது. நியூரான்கள் அடங்கிவிடும், இரைச்சல் அடங்காது. அதன்பிறகும் திரையில் மிஞ்சியிருப்பதை நியூரானின் கணக்கில் எழுத முடியாது.

பொதுவாக முதல் வாரத்தின் கடைசியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துடிப்புகள் தெரியத் தொடங்கும். இரண்டாவது வாரத்தில் திடீரென்று ஒரு நாள் எல்லா எலக்ட்ரோடுகளும் சேர்ந்து வெடிக்கும். சில நூறு மில்லிசெகண்டுகள் ஒரே ஆரவாரம், பிறகு பல நொடிகள் அமைதி, மறுபடி ஆரவாரம். நெட்வொர்க் பர்ஸ்ட் என்போம். எத்தனையோ தடவை பார்த்த பிறகும் ஒரு டிஷ்ஷில் முதன்முதலாக அது வரும்போது நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன். தனித்தனியாகப் பிரித்துப் போட்ட செல்கள், யாரும் வரைபடம் கொடுக்காமல், தாங்களே கைகோத்துக்கொண்டதற்கு அத்தாட்சி அது.

ஆனால் அந்த மகிழ்ச்சியில்தான் தவறான முடிவுகளும் பிறக்கின்றன. டிஷ்ஷை இன்குபேட்டரிலிருந்து, துடிப்பைப் பெருக்கித் தரும் ஆம்ப்ளிஃபயருக்கு மாற்றும் அசைவே துடிப்பின் போக்கை மாற்றும். செல்கள் வாழும் ஊட்டநீரான மீடியத்தைப் பாதி மாற்றினாலும் மாறும். மூடி சரியில்லாமல் நீர் ஆவியானால் உப்புச் செறிவு ஏறி, கல்ச்சர் மெல்ல மெல்லச் சாகும். 2001-இல் ஸ்டீவ் பாட்டர், தாமஸ் டிமார்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், வாயுக்களை விட்டு நீராவியைத் தடுக்கும் மெல்லிய டெஃப்ளான் சவ்வை மூடியாக மாட்டி, கல்ச்சர்களை ஒரு வருடத்துக்கும் மேல் உயிரோடு வைத்திருந்தார்கள். எங்கள் துறையில் பெரிய கண்டுபிடிப்புகள் என்று கொண்டாடப்படும் பலவற்றைவிட இந்த மூடியை நான் மேலாக மதிக்கிறேன்.

இன்னொன்று, டிஷ்ஷுக்கு டிஷ் உள்ள வேறுபாடு. ஆய்வாளர் டேனியல் வாகெனாரும், முன்பு சொன்ன பைன், பாட்டர் இருவரும் 2006-இல் 58 கல்ச்சர்களை ஐந்து வாரம் தொடர்ந்து பதிவு செய்து வெளியிட்டார்கள். ஒரே நாளில் ஒரே செல்களிலிருந்து போட்ட டிஷ்கள் சகோதரிகள்போல ஓரளவு ஒத்திருந்தன. வேறு நாளில் போட்டவை வெகுவாக வேறுபட்டன. அதனால் வேறு வேறு நாளில் போட்ட டிஷ்களை ஒப்பிட்டு "மருந்து வேலை செய்தது" என்று யாராவது எழுதினால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். அந்த ஆரவாரம் யோசனையா? நான் அப்படி நினைக்கவில்லை. விழித்திருக்கும் ஆரோக்கியமான மூளையின் புறணி இப்படி ஒட்டுமொத்தமாக வெடிப்பதும் அடங்குவதுமாக இருப்பதில்லை. அதற்குக் கண்ணிலிருந்தும் காதிலிருந்தும் தோலிலிருந்தும் ஓயாமல் செய்தி வந்துகொண்டே இருக்கும். டிஷ்ஷிலுள்ள நியூரான்களுக்கு அப்படி எதுவும் வருவதில்லை. வாகெனாரும் கூட்டாளிகளும் 2005-இல் செய்த சோதனை ஒன்று என் எண்ணத்தையே மாற்றியது. பல எலக்ட்ரோடுகளில் மாறி மாறி, நொடிக்கு ஐம்பது என்ற வேகத்தில் சிறு தூண்டல்கள் கொடுத்தபோது பர்ஸ்ட்கள் ஓய்ந்து, சிதறலான துடிப்புகள் மட்டும் நின்றன. வரவேண்டிய செய்தி வராததால்தான் இந்த வெடிப்பு என்று அவர்கள் கருதினார்கள். நானும் அப்படியே நம்புகிறேன். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சின் கத்தலைக் கேட்டு, இதுதான் பறவையின் பாட்டு என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

2022-இல் மெல்போர்னில் ஒரு குழு, டிஷ்ஷில் வளர்த்த நியூரான்கள் பாங் என்ற பழைய வீடியோ விளையாட்டை ஆடப் பழகின என்று வெளியிட்டது. பந்தைத் தவறவிட்டால் தாறுமாறான தூண்டல், தொட்டுவிட்டால் ஒழுங்கான தூண்டல். செல்களுக்கு ஓர் உலகத்தைத் திருப்பிக் கொடுக்கும் அந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் தலைப்பிலேயே 'உணர்வு' என்ற சொல்லைப் போட்டது பெரிய தவறு என்றே சொல்வேன். துறையைச் சேர்ந்த பலரும் சேர்ந்து மறுப்பு எழுதினார்கள். அளந்தது ஒன்று, சொன்னது அதைவிடப் பல படிகள் மேலே. அப்படிப் பேசும்போது முதலில் ஏமாறுபவர்கள் நோயாளிகளின் குடும்பங்கள்தான்.

ஏனென்றால் இந்த முறையால் உண்மையான பயன் கிடைக்கப்போவது அவர்களுக்கு. நோயாளியின் தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ செல் எடுத்து, அதை எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக்கி, நியூரானாக மாற்றி, எலக்ட்ரோடுகள் மேல் வளர்க்க முடிகிறது. நெதர்லாந்தின் நைமேகன் நகரக் குழு 2019-இல் க்ளீஃப்ஸ்ட்ரா சின்ட்ரோம் என்ற அரிய மரபணுக் குறைபாடுள்ளவர்களின் நியூரான்களை இப்படி வளர்த்துப் பார்த்தது. பர்ஸ்ட்கள் குறைவாகவும், ஒவ்வொன்றும் வழக்கத்தைவிட நீளமாகவும் வந்தன. நியூரான்கள் ஒன்றிடமிருந்து ஒன்று செய்தி வாங்கும் என்எம்டிஏ ஏற்பி அளவுக்கு மீறி வேலை செய்வதே காரணம் என்று கண்டு, அதைத் தடுத்தபோது துடிப்பு சீரானது. பர்ஸ்ட் யோசனை இல்லைதான். ஆனால் ஒரு மரபணு எங்கே கோளாறு செய்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். எனக்கு அதுவே பெரிது.

எங்கள் ஆம்ப்ளிஃபயர் இப்போது இன்குபேட்டருக்குள்ளேயே இருக்கிறது. டிஷ்ஷை வெளியே எடுக்க வேண்டியதில்லை. 60 எலக்ட்ரோடு, நொடிக்கு 25,000 மாதிரிகள் என்றால் ஒரு மணி நேரத்துக்கே பத்து ஜிபிக்கு மேல் சேர்ந்துவிடுகிறது, அதைச் சேமிப்பதுதான் இப்போதைய தலைவலி. போன வாரம் ஒரே நாளில் போட்ட டிஷ்களை இரண்டு பாதியாகப் பிரித்தோம். ஒரு பாதிக்கு இரண்டாவது வாரத்திலிருந்து இடைவிடாத சிறு தூண்டல் கிடைக்கும், மறு பாதி வழக்கம்போல் தனியே வளரும். நான்காவது வாரத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்து, மென்பொருளைத் திறக்கும் முன் துடிப்பின் வடிவத்தை வெறும் கண்ணால் பார்க்கப் போகிறோம்.