தமிழ் வழியாகச் சீனம்: எச்எஸ்கே நான்காம் நிலைக்கு நான் படித்த விதம்

சீன மொழித் திறனை அளக்கும் எச்எஸ்கே தேர்வின் நான்காம் நிலையை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை 300-க்கு 171. தேர்ச்சிக்கு 180 வேண்டும், ஒன்பது மதிப்பெண்ணில் கைவிட்டுப் போனது. ஏழு மாதம் கழித்து மறுபடி எழுதி 243 வாங்கினேன். இடையில் நான் மாற்றிக்கொண்ட பெரிய விஷயம் ஒன்றுதான். ஆங்கில விளக்கத்தை வைத்துச் சீனம் படிப்பதை விட்டுவிட்டு, தமிழிலிருந்து நேராகப் படிக்க ஆரம்பித்தேன்.

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள், தமிழ்ப்பள்ளியில் படித்தவள். எங்கள் வரிசையில் எட்டு வீட்டில் ஐந்து சீனர் வீடு. சீனம் நாள் முழுக்கக் காதில் விழுவதால் சுலபமாக வந்துவிடும் என்று நம்பி இறங்கினேன். ஆனால் பினாங்குத் தெருவில் கேட்பது ஹொக்கியன் என்ற வட்டாரச் சீனம், தேர்வில் வருவது பொதுச் சீனமான மாண்டரின். மாணவர் என்பதற்கு ஹொக்கியனில் ‘ஹாக் செங்’, மாண்டரினில் ‘ஷுவே ஷெங்’. எழுத்து ஒன்றுதான், வாயில் வரும்போது இரண்டு வேறு மொழி. கோலாலம்பூருக்குப் போனால் கான்டனீஸ். ஆகவே சீனர் நடுவில் வளர்ந்திருந்தாலும் மாண்டரினை முதலிலிருந்துதான் படிக்க வேண்டும்.

தேர்வின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எழுதிய முறையில் நான்காம் நிலைக்கு 1200 சொற்கள். மொத்தம் 100 கேள்விகள்: கேட்டல் 45, வாசித்தல் 40, எழுதுதல் 15. 2021-இல் ஒன்பது நிலைகள் கொண்ட புதிய தரநிலையை அறிவித்தார்கள். அதனால் பதிவு செய்யும்போது எந்த முறையில் தேர்வு நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு புத்தகம் வாங்குங்கள்.

சரி, தமிழ் எங்கே உதவுகிறது?

‘வோ சுவோதியென் மாய் த ஷூ’. வோ என்றால் நான், சுவோதியென் நேற்று, மாய் த வாங்கிய, ஷூ புத்தகம். நான் நேற்று வாங்கிய புத்தகம்! ஒரு சொல்லைக்கூட நகர்த்த வேண்டியதில்லை. நான் சேர்ந்து படித்த வகுப்பில் இதை ஆங்கிலத்துக்கு மாற்றி, தலைகீழாகத் திருப்பி, அப்புறம் சீனத்துக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். மூன்று மாதம் அப்படியே செய்து குழம்பினேன். நம் பெயரெச்சம் தெரிந்தவருக்கு இந்த ‘த’ ஒரு நாள் பாடம்.

கேள்விக்கு வரும் ‘மா’வும் அப்படித்தான். ‘நி லாய் மா?’ என்றால் ‘நீ வர்றியா?’. நம் கேள்வி ‘ஆ’ சொல்லின் கடைசியில் ஒட்டுவதுபோல் அது வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்கார்கிறது. ‘ச்சர் ஃபான் லெ மா?’ என்பதற்குச் ‘சாப்பிட்டாச்சா?’ என்பதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. ‘லெ’ இருக்கும் இடத்தில் ‘ஆச்சு’ போட்டுப் பாருங்கள், பல வாக்கியங்கள் தாமாகப் பிடிபடும்.

பலரும் பயப்படும் ‘பா’ வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொதுவாகச் சீனத்தில் வினை முன்னால், செயப்படுபொருள் பின்னால். ‘பா’ வந்தால் பொருள் வினைக்கு முன்னால் வந்துவிடும். ‘வோ பா மென் குவான் லெ.’ மென் என்றால் கதவு, குவான் மூடுதல். நான் கதவை மூடிட்டேன். நம் இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறது, இவர்களுடைய ‘பா’ சொல்லுக்கு முன்னால் நிற்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். எழுதுதல் பகுதியில் சொற்களைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொல்லும் கேள்விகள் பத்து. அதில் ‘பா’ கண்ணில் பட்டால் உடனே தமிழில் யோசியுங்கள்.

உறவுமுறையில் நமக்குப் பாடமே தேவையில்லை. கெகெ அண்ணன், தீதி தம்பி, ஜியேஜியே அக்கா, மேய்மேய் தங்கை. அப்பாவின் அண்ணனுக்கும் தம்பிக்கும் தனித்தனிப் பெயர், தாய்மாமனுக்கு வேறு பெயர். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் இதற்கு ஒரு பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறார். நாம் ‘போபோ என்றால் பெரியப்பா, ஷூஷூ என்றால் சித்தப்பா’ என்று சொல்லிவிட்டு நகரலாம்.

இனி உச்சரிப்பு. புத்தகத்தில் ரோமன் ‘b’ எழுத்தைப் பார்த்து, ஆங்கிலத்தில் ‘பாய்’ என்று அதிரச் சொல்வதுபோல் சொல்லப் பழகியிருந்தேன். அது தவறு. அந்த ஒலி நம் ‘பால்’ என்பதன் முதல் எழுத்துதான். அதிர்வும் இல்லை, மூச்சுக்காற்றும் இல்லை. இதற்கு இணையான மூச்சொலிதான் தமிழில் கிடையாது, அதற்குப் பயிற்சி வேண்டும். வயிறு நிறைந்தது என்பதும் முயல் ஓடிவிட்டது என்பதும் தமிழ் எழுத்தில் ஒன்றேதான்: ‘தூட்சு பாவ் லெ’. தொனிகூட, அதாவது குரலின் ஏற்ற இறக்கம்கூட, மாறாது. முயலைச் சொல்லும்போது ‘தூ’விலும் ‘பா’விலும் காற்று வெளியே தள்ள வேண்டும், வயிற்றைச் சொல்லும்போது தள்ளக் கூடாது. உதட்டுக்கு முன்னால் ஒரு ரசீதுத் தாளைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். முயலுக்குத் தாள் ஆட வேண்டும். என் குறிப்பேட்டில் மூச்சு வரும் எழுத்துக்கு மேல் சின்னதாக ‘ஹ’ போட்டு வைத்தேன். இரண்டே வாரத்தில் காது பிரித்துக் கேட்க ஆரம்பித்தது.

தொனிக்குக் குறுக்குவழி இல்லை. நான் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஒருமுறை சீனாவிலிருந்து பேசிய வியாபாரியிடம் 200 பெட்டி வாங்குகிறோம் என்று சொல்ல வேண்டியது, விற்கிறோம் என்று சொல்லிவிட்டேன். இரண்டும் ‘மாய்’தான். மூன்றாம் தொனியில் தாழ்ந்து எழுந்தால் வாங்குவது, நான்காம் தொனியில் வெட்டி இறக்கினால் விற்பது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பொறுமையாகத் திருப்பிக் கேட்டார். அன்றிலிருந்து தனிச் சொல்லாகத் தொனி படிப்பதை நிறுத்தினேன். எதைப் படித்தாலும் முழு வாக்கியமாக வாய்விட்டுச் சொல்லுவேன்.

எங்கள் ஊர் மாண்டரினில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே பலரும் நாக்கை வளைப்பதில்லை, அதனால் நான்கு, பத்து என்பவற்றுக்கான சீனச் சொற்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ‘ஸ’ ஆகிவிடும். தேர்வு ஒலிப்பதிவில் பத்துக்கு நாக்கு நன்றாக வளையும். ழ, ள, ட சொல்லிப் பழகிய நமக்கு வளைப்பது புதிதல்ல. ஆனால் காது தெருவுக்குப் பழகியிருக்கும். நான்காம் நிலையில் ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும், மூன்றாம் நிலைபோல் இரண்டு முறை கிடையாது. முதல் தேர்வில் போன கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்து அடுத்த இரண்டை நழுவவிட்டேன். தெரியாததற்கு ஏதோ ஒன்றைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

தெருவால் பயன் இல்லை என்று சொல்லவில்லை. சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவில் பினாங்கு ஹொக்கியன் மக்கள் வானுலகக் கடவுளான ஜேட் (பச்சைக்கல்) பேரரசரின் பிறந்தநாளுக்குக் கூடுவார்கள். தண்ணீருக்கு மேல் மரக்கால் நட்டு வீடு கட்டியிருக்கும் சியூ படகுத்துறையில் நீள மேசைகள், கணு சிதையாத முழுக் கரும்புகள். பொங்கல் முடிந்து சில வாரம்தான் ஆகியிருக்கும், கரும்பைப் பார்த்ததும் எனக்கு நம் வீட்டு வாசல்தான் நினைவுக்கு வந்தது. நாங்கள் வழக்கமாகச் சூப் வாங்கும் ஆன்டி அங்கே ஊதுபத்தி பிடித்து நின்றார். ‘ஆ மோய், வா வா’ என்று கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, நான் கேட்டதற்காக மாண்டரினிலேயே கதை சொன்னார். முன்னோர்கள் பகைவருக்குப் பயந்து கரும்புக் காட்டுக்குள் ஒளிந்தார்களாம், ஒன்பதாம் நாள் உயிரோடு வெளியே வந்தார்களாம். ஹொக்கியனில் கரும்பு ‘கம் சியா’, நன்றியும் கிட்டத்தட்ட அதே ஒலி.

அந்தக் கதை முழுக்க ‘யின்வேய்… சுவோயி’, அதாவது ‘ஏனென்றால்… அதனால்’. நடுவில் ‘சுய்ரான்… தான்ஷர்’, ‘ஆனாலும்’ என்று இழுக்கும் ஜோடி. வாசித்தலில் மூன்று வாக்கியங்களைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லும் பத்துக் கேள்விகளும் பெரும்பாலும் இந்த ஜோடிகளை நம்பித்தான் இருக்கின்றன. புத்தகத்தில் பலமுறை படித்தும் நிற்காதது, ஆன்டி கையை ஆட்டிச் சொன்னதில் நின்றது. உங்கள் பக்கத்தில் சீன மூத்தவர் யாராவது இருந்தால், ஒரு பண்டிகையைப் பற்றி ‘ஏன்?’ என்று கேளுங்கள்.

எழுத்துக்கு வருகிறேன். தேர்வில் சுருக்க எழுத்து, எங்கள் ஊர்ப் பழைய கடைப்பலகையில் மரபு எழுத்து. குதிரைக்குச் சுருக்கத்தில் மூன்று கோடு, மரபில் பத்து. கீழே நான்கு புள்ளி கால்போல் நிற்கும். அந்தக் குதிரையின் பக்கத்தில் பெண் நின்றால் அம்மா, வாய் நின்றால் கேள்விக்கான ‘மா’. ஒரு பாதி ஒலியையும் மறுபாதி பொருளையும் சொல்கிறது. இப்படிக் குடும்பமாகச் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டு எழுத்து எழுதினேன். கணினித் தேர்வில் ரோமனில் தட்டி எழுத்தைத் தேர்ந்தெடுக்கலாம், கையால் எழுத நேரமில்லாதவர்கள் அதற்கே பதிவு செய்யுங்கள். சீனப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் தேதியையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மதிப்பெண் இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும்.