ஒர்ம் கேட்டுக்கொண்டது

நூலகத்துக்குள் நெருப்பைக் கொண்டுவரவும் மாட்டேன், மூட்டவும் மாட்டேன் என்று வாய்விட்டு உறுதிமொழி சொன்ன பிறகுதான் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் எனக்கு வாசகர் அட்டை கிடைத்தது. ஆங்கில மொழி வரலாற்றில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து அப்போது ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.

நான் எடுத்துக்கொண்ட நூல் ‘ஒர்முலம்’. 12-ஆம் நூற்றாண்டில் ஒர்ம் என்ற கிறிஸ்தவத் துறவி தன் கைப்பட எழுதிய சுவடி. விவிலியப் பகுதிகளுக்கு விளக்கமாகச் சுமார் 19,000 வரிகள். ஒரு வரிக்கு 8 அசை, அடுத்த வரிக்கு 7 அசை, எங்கும் பிசகாது. சலிப்பூட்டும் நூல் என்று இலக்கியம் படிப்பவர்கள் ஒதுக்குவார்கள். எனக்கு ஒருநாளும் அப்படித் தோன்றியதில்லை.

காரணம், குறில் நெடில். ஓர் அசை மெய்யில் முடிந்து, அதன் உயிர் குறிலாக இருந்தால், ஒர்ம் அந்த மெய்யை இரட்டித்து எழுதுகிறார். நெடிலானால் ஒற்றை மெய்தான். புத்தகத்தைக் குறிக்கும் சொல்லை அன்று ‘போக்’ என்று நீட்டிச் சொன்னார்கள். அதில் ஒரே ‘க்’. ‘இட்’ என்பதில் இரண்டு ‘ட்’. தன் பெயரிலும் அவர் இரண்டு ‘ர்’ போடுகிறார். ஓர்ம் என்று நீட்டாமல் ஒர்ம் என்று நான் எழுதுவது அதனால்தான். 800 ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கில உச்சரிப்பை இவ்வளவு அக்கறையோடு பதிந்து வைத்தவர் வேறு யார்?

சுவடியை முதன்முதலில் பார்த்தபோது சிறிது நேரம் பென்சிலையே எடுக்கவில்லை. நீண்டு ஒடுங்கிய தோல் ஏடுகள், ஓரங்கள் நேராக இல்லை. இடம் போதாதபோது சிறு தோல் துண்டில் எழுதி இடையே சேர்த்திருக்கிறார். நல்ல தோல் வாங்க வசதியில்லாத மனிதர் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் ஆண்டோடு உதவித்தொகை நின்றது. மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஆய்வேட்டை முடித்தேன்.

வாய்மொழித் தேர்வில் இரண்டு தேர்வாளர்கள். இரண்டு மணி நேரம் கேள்விகள் நன்றாகவே போயின. பிறகு புறத்தேர்வாளர், சுவடியிலிருந்து நான் படியெடுத்த வரிகள் இருந்த பின்னிணைப்பைத் திறந்து ஒரு வரியைக் காட்டினார். “இங்கே ஒரு ‘ட்’தான் போட்டிருக்கிறீர்கள்.” ஏட்டின் படத்தைப் பார்த்தோம். இரண்டு இருந்தன.

முகம் சுட்டது. ‘இந்நூலைப் படியெடுப்பவர், நான் இரட்டித்த எழுத்தை இரட்டித்தே எழுத வேண்டும், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைச் சரியாக எழுத முடியாது’ என்று ஒர்மே நூலின் தொடக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வரிகளை என் முதல் இயலில் நானே விளக்கியிருந்தேன்.

திருத்தத்துக்கு மூன்று மாதம் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டது அந்த ஒரு வரியைத்தான். நான் படியெடுத்த அத்தனை வரிகளையும் மறுபடி முதலிலிருந்து, சொல்லின் கடைசி எழுத்தில் விரலை வைத்து, ஒப்பிட்டுப் பார்த்தேன். இன்னும் பதினொரு இடங்கள் அகப்பட்டன.